அந்தப் பட்டியலில் பாம்பு பிடிக்கிறவர் இல்லை

எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் மாதம் ஒருமுறையாவது அந்தப் பட்டியல் வந்துவிடும். '2030-க்குள் காணாமல் போகப்போகும் வேலைகள்.' வங்கிக் காசாளர், டேட்டா என்ட்ரி, டெலிகாலர், கணக்கு எழுதுகிறவர் என்று நீளும். போன வருஷம் வரை இதை முதல் ஆளாக ஃபார்வர்டு செய்துகொண்டிருந்தவன் என் சித்தப்பா மகன். இந்த வருஷம் அதில் சாஃப்ட்வேர் டெஸ்டிங்கும் சேர்ந்ததிலிருந்து பயல் வாயே திறப்பதில்லை. அவனுக்கு சிறுசேரியில் அதே வேலை.

அக்கா மகள் ஒருத்தி வண்டலூர் பக்கம் பொறியியல் படிக்கிறாள். போன வாரம் கேட்டாள்: "மாமா, ஏஐ படிக்கட்டுமா, சைபர் செக்யூரிட்டி படிக்கட்டுமா? எதைப் படிச்சா வேலை போகாது?" எனக்குத் தெரிந்திருந்தால் நானே படித்திருப்பேனே அம்மா என்று சொல்லித் தப்பித்தேன். ஆனால் கேள்வி மட்டும் மண்டைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது.

செங்கல்பட்டில் இருப்பவனுக்கு இந்தக் கேள்விக்கு விடை தேட அமெரிக்க அறிக்கைகள் தேவையில்லை. ஒரு பைக் போதும். ஜிஎஸ்டி சாலையில் மறைமலை நகர், மகேந்திரா வேர்ல்டு சிட்டி. பழைய மகாபலிபுரம் சாலையில் சிறுசேரி சிப்காட். கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு வந்தால் கோவளம், மாமல்லபுரம், அதற்கும் தெற்கே கல்பாக்கம். பல்லவர் காலத்து உளி வேலையிலிருந்து அணு உலை வரை எல்லாத் தொழிலும் ஒரே மாவட்டத்துக்குள் கிடக்கிறது. தொழில் செத்ததும் பிழைத்ததும் வேறு வேஷம் போட்டுத் திரும்பி வந்ததும் இங்கேயே நடந்திருக்கிறது. அதில் எனக்கு மிகவும் பிடித்த கதை வடநெம்மேலியில் இருக்கிறது. எந்தப் பட்டியலிலும் வராத வேலை அது: பாம்பு பிடிப்பது.

சென்னையிலிருந்து மாமல்லபுரம் சுற்றுலா போகிறவர்கள் எல்லோரும் வழியில் முதலைப் பண்ணையில் இறங்குவார்கள். 1976-ல் தொடங்கியது அது. அந்த வளாகத்துக்குள்ளேயே தனியாக ஒரு சீட்டு வாங்கிக்கொண்டு போனால் பாம்பு விஷம் எடுப்பதைக் காட்டுவார்கள். நடுவில் பள்ளமாக ஓர் இடம், சுற்றிலும் மண்பானைகள், பானை வாயில் துணி கட்டியிருக்கும். ஒருவர் நிதானமாக வந்து ஒரு பானையைத் திறந்து கம்பியால் நல்ல பாம்பைத் தூக்கி வெளியே விடுவார். அது படமெடுத்ததும் கூட்டத்தில் ஒரு சத்தம் எழும். அவர் முகத்தில் மட்டும் ஒன்றும் தெரியாது. மேலே சவ்வு கட்டிய கண்ணாடிக் குப்பியில் அதைக் கடிக்க வைப்பார். இரண்டு சொட்டு மஞ்சள் திரவம் இறங்கும். அவ்வளவுதான் காட்சி. குழந்தைகள் ஐஸ்கிரீமுக்குப் போய்விடும்.

அந்த இரண்டு சொட்டுக்குப் பின்னால் இருப்பது இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கும்தான் இந்தியாவில் பெரும்பாலான பாம்புக்கடிச் சாவுகளுக்குக் காரணம். இந்த நான்கையும் வயல்வெளியிலிருந்து உயிரோடு பிடித்து வருவார்கள். சில வாரங்கள் பானையில் வைத்திருந்து, வாரத்துக்கு ஒருமுறை விஷம் எடுப்பார்கள். பிறகு வயிற்றுச் செதிலில் ஓர் அடையாளம் வெட்டிவிட்டு மறுபடி வெளியே விட்டுவிடுவார்கள். அடையாளத்தோடு கண்ணில் பட்டால் அதை மறுபடி தொட மாட்டார்கள். எடுத்த விஷத்தை உறைய வைத்து, ஈரம் போக்கிப் பொடியாக்கி, மருந்துக் கம்பெனிகளுக்கு விற்பார்கள். கம்பெனிகள் அதைச் சிறுகச் சிறுகக் குதிரைகளுக்குச் செலுத்தி, குதிரையின் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுத்து மருந்தாக்கும். திருக்கழுக்குன்றம் அரசு மருத்துவமனையில் பாம்பு கடித்தவருக்கு ஏற்றுகிற ஊசியும் இப்படி வந்ததுதான், ராஜஸ்தானில் ஏற்றுவதும் இப்படி வந்ததுதான். நாட்டின் விஷமுறிவு மருந்துக்கான விஷத்தில் பெரும்பகுதியைப் பல ஆண்டுகளாகக் கொடுத்து வந்தது இந்தச் சிறிய சங்கம். உறுப்பினர்கள் 300-க்கும் சற்று மேல்.

சங்கம் எப்படி வந்தது என்பதில்தான் எனக்கு ஆர்வம்.

இருளர்கள் பாம்பு பிடித்தது முதலில் மருந்துக்காக அல்ல, தோலுக்காக. அறுபதுகளில் பாம்புத் தோல் பையும் செருப்பும் ஐரோப்பாவில் ஃபேஷன். மதராஸைச் சுற்றியிருந்த பதனிடும் தொழிற்சாலைகளுக்குத் தோல் போனது. பிடித்தவருக்குச் சில்லறை, இடைத்தரகருக்கு நல்ல காசு, ஏற்றுமதியாளருக்குப் பங்களா. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதைத் தொடர்ந்து 1970-களின் நடுவில் பாம்புத் தோல் ஏற்றுமதியும் தடை செய்யப்பட்டது. பாம்புகளுக்கு நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு கையெழுத்தில் ஓர் இனத்தின் தொழிலே குற்றமாகிவிட்டது. நேற்று வரை கைத்தேர்ச்சி என்று பெயர் பெற்றிருந்தது இன்று வழக்குப் போடக்கூடிய செயல். ஏற்றுமதியாளர் வேறு சரக்குக்கு மாறிக்கொண்டார். இருளருக்கு மாற என்ன இருந்தது? வயல் கூலி, செங்கல் சூளை, அரிசி ஆலை.

அந்த இடத்தில் ரோமுலஸ் விட்டேக்கர் வருகிறார். நியூயார்க்கில் பிறந்து, சிறுவயதிலேயே இந்தியா வந்து, பாம்புப் பித்துப் பிடித்து இங்கேயே தங்கிவிட்டவர். கிண்டி பாம்புப் பண்ணையைத் தொடங்கியவரும் அவர்தான். அவருக்குப் பாம்பு பிடிக்கக் கற்றுக்கொடுத்ததில் இருளர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. தோல் வியாபாரம் செத்த பிறகு, அதே பாம்பை உயிரோடு பிடித்து, கொல்லாமல் விஷத்தை மட்டும் எடுத்து விற்கலாமே என்ற யோசனை பிறந்தது. 1978-ல் சங்கம் பதிவானது.

இதை 'புதிய திறன் கற்றுக்கொண்டார்கள்' என்று ஒரு வரியில் எழுதிவிட்டுப் போகலாம். எந்த மேடையிலும் கைதட்டல் கிடைக்கும். ஆனால் அவர்கள் கற்றுக்கொண்டது எவ்வளவு? விஷம் எடுக்கும் முறை, பதிவேடு, அந்த அடையாள வெட்டு. சில வாரப் பயிற்சியில் வந்துவிடும். உண்மையான வித்தை, அதாவது வயல்காட்டில் பாம்பு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பது, அவர்களிடம் ஏற்கெனவே இருந்தது. மாறியவை மூன்று: சட்டப்படி பிடிக்க ஒரு அனுமதி, வாங்க ஓர் ஆள், நடுவில் தரகர் இல்லாமல் விற்க அவர்களுக்கே சொந்தமான ஓர் அமைப்பு. வேலை காணாமல் போவதைப் பற்றி இத்தனை பேசுகிறோமே, இந்த மூன்றைப் பற்றி யாராவது பேசுகிறார்களா?

அந்த வித்தையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். திருக்கழுக்குன்றம் போகும் வழியில் ஒரு டீக்கடையில் இருளர் பெரியவர் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தேன். சங்கத்தில் நெடுநாள் உறுப்பினர்.

"பொந்துக்குள்ள பாம்பு இருக்குதா இல்லையான்னு எப்படிங்க தெரியும்?"

"பொந்து வாயைப் பாருங்க சார். வழுவழுன்னு இருந்துதுன்னா ஆளு உள்ள இருக்குது. நூலாம்படை கட்டியிருந்துதுன்னா காலி."

"அது எலியா இருக்கக்கூடாதா?"

சிரித்தார். "எலி மண்ணு தள்ளும் சார். பாம்புக்கு எங்க கை இருக்குது, மண்ணு தள்ள?"

எனக்கு எல்லாப் பொந்தும் ஒரே பொந்துதான். அவருக்கு ஒவ்வொன்றும் ஒரு வீடு. வரப்பில் செதில் பட்டு மின்னும் தடம், உரித்துப் போட்ட சட்டை எத்தனை நாள் பழசு, எச்சத்தின் நிறம், அன்றைய காற்று எல்லாம் சேர்த்து ஒரு நிமிஷத்தில் முடிவு. அப்புறம் கடப்பாரை. இதற்குப் பாடநூல் கிடையாது. ஏழு எட்டு வயதில் அப்பாவின் பின்னால் நடந்து நடந்து வருவது.

இந்த அறிவு இங்கே மட்டும் செல்லுபடியாகும் என்று நினைத்தால் அது தப்பு. 2017 தொடக்கத்தில், செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்களான மாசி சடையன், வடிவேல் கோபால் இருவரையும் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாகாணத்துக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் பர்மிய மலைப்பாம்புகள் பெருகி, ஊர்ப் பிராணிகளை எல்லாம் விழுங்கிக்கொண்டிருந்தன. வீட்டில் வளர்க்க வாங்கி, பெரிசானதும் விட்டுவிட்ட பாம்புகளின் வம்சம். முந்தைய வருஷம் போட்டி வைத்து, ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒரு மாதம் தேடி 106 பாம்பு பிடித்தார்கள். இவர்கள் இருவரும் போய் ஒரு வாரம் கடந்ததும் கணக்கு 13. அதில் ஒன்று 16 அடிப் பெண் பாம்பு. இரண்டு மாதத்தில் 30-ஐத் தாண்டியது. முன்பின் பார்த்திராத நிலம், பார்த்திராத புல். கொண்டுபோனது கண்ணையும் பொறுமையையும்தான். 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. விட்டேக்கருக்கு 2018-லேயே கிடைத்திருந்தது என்பதையும் சொல்லிவைக்கிறேன். வாத்தியார்களுக்கு ஐந்து வருஷம் கழித்து வந்திருக்கிறது.

அதே எவர்கிளேட்ஸில் 2025-ல் முயல் ரோபோக்களை வைத்திருக்கிறார்கள். நிஜ முயல் மாதிரி சூடு, நிஜ முயல் மாதிரி அசைவு, கேமராவும் உண்டு. மலைப்பாம்பு தேடி வரும், கேமரா தகவல் அனுப்பும். படித்தவுடன் 'போச்சு, இந்த வேலையும் போச்சு' என்றுதான் எனக்குத் தோன்றியது. பிறகு யோசித்தேன். தகவல் வந்த பிறகு சேற்றில் இறங்கிப் பாம்பின் கழுத்தைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டுமே. ரோபோ எடுத்துக்கொண்டது தேடலை, விட்டுவைத்தது பிடியை. இருளரின் தனிச்சிறப்பு தேடலில்தான் இருந்தது. பிடிப்பதை மற்றவர்களும் செய்துவிடுவார்கள். இயந்திரம் வேலையின் கஷ்டமான பகுதியை எடுத்துக்கொண்டு சுலபமானதை நமக்கு விடும் என்று நம்பியிருந்தோம், அல்லது அதற்கு நேர் எதிராக. அது எடுத்துக்கொள்வதோ மதிப்புள்ள பகுதியை. கூலி குறைவது அங்கேதான்.

சரி, வடநெம்மேலிக்கு வருகிறேன். அங்கே காத்திருக்கும் மாற்றம் இதைவிடப் பெரியது.

பாம்புக்கடி மருந்து செய்யும் முறை நூறு வருஷத்துக்கும் மேலாகப் பெரிதாக மாறவில்லை. 1890-களில் ஃபிரெஞ்சு மருத்துவர் ஆல்பெர் கால்மெத் தொடங்கிவைத்தது: விஷம், விலங்கு, ரத்தம், மருந்து. 2025 ஜனவரியில் 'நேச்சர்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. புரத வடிவமைப்புக்காக 2024-ல் வேதியியல் நோபல் பெற்ற டேவிட் பேக்கரின் குழுவும் டென்மார்க் ஆய்வாளர்களும் சேர்ந்து செய்தது. நல்ல பாம்பு இனத்தின் விஷத்தில் முக்கியமான ஒரு நச்சு வகையைப் போய்ப் பிடித்துக்கொள்ளும் புரதத்தைச் செயற்கை நுண்ணறிவை வைத்துக் கணினியிலேயே வரைந்துவிட்டார்கள். குதிரை கிடையாது. எலிகளில் சோதித்ததில் நன்றாக வேலை செய்தது. அதற்கு முந்தைய வருஷம் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் கார்த்திக் சுனகர் குழுவும் அமெரிக்க ஆய்வகமும் சேர்ந்து, அதே நச்சு வகையைப் பல நாட்டுப் பாம்புகளில் முடக்கும் ஓர் எதிர்ப்பொருளை ஆய்வகத்தில் உருவாக்கியிருந்தார்கள்.

மருந்து கடைக்கு வர இன்னும் எத்தனையோ படி இருக்கிறது. கண்ணாடி விரியன் மாதிரியான விரியன்களின் விஷம் வேறு ஜாதி. ரத்தத்தையும் திசுவையும் தாக்குவது. மேலே சொன்ன புரதம் அதைத் தொடாது. நம் ஊரில் ஆளைக் கொல்வதில் கண்ணாடி விரியன்தான் முன்னணி. அதனால் நாளைக்கே சங்கத்தை இழுத்து மூட வேண்டியதில்லை. ஆனால் திசை தெரிந்துவிட்டது.

இதில் நான் எந்தப் பக்கம் என்று கேட்டால், தயங்காமல் மருந்தின் பக்கம். இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியில் 12 லட்சம் பேர் இறந்திருப்பார்கள் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. வருஷத்துக்குச் சராசரி 58,000. பெரும்பாலும் கிராமத்து ஏழைகள், வயலில் வேலை செய்கிறவர்கள், வீட்டில் தரையில் படுக்கிறவர்கள். தமிழ்நாட்டில் 2024 நவம்பரில்தான் பாம்புக்கடியை மருத்துவமனைகள் கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தார்கள். இப்போதைய குதிரை மருந்துக்கே ஒவ்வாமை வரும், விலையும் அதிகம். இன்னொரு சிக்கலும் உண்டு: விஷம் ஊருக்கு ஊர் மாறும். இங்கே பிடித்த பாம்பின் விஷத்தில் செய்த மருந்து வேறு மாநிலத்துப் பாம்பு கடித்தால் அவ்வளவாக வேலை செய்யாமல் போகலாம் என்பதைச் சுனகர் குழுவின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நாடு முழுக்க ஒரே வட்டாரத்து விஷத்தை நம்பியிருப்பதே தவறு என்று விஞ்ஞானிகள் சொல்வது நியாயம். ஒரு வேலையைக் காப்பாற்றுவதற்காக அரைகுறை மருந்தை யாரும் ஏற்றிக்கொள்ள வேண்டியதில்லை. வேலையை இழப்பவரிடம் இந்த நியாயத்தைச் சொல்லிவிட்டு நாம் கிளம்பிவிடுகிறோம் என்பதுதான் பிரச்சினை.

கிளம்பிப் போனதற்கு ஜிஎஸ்டி சாலையிலேயே உதாரணம் இருக்கிறது. மறைமலை நகர் ஃபோர்டு ஆலை. தொண்ணூறுகளில் வந்தது, சென்னைக்கு 'இந்தியாவின் டெட்ராய்ட்' என்று பட்டம் வாங்கிக் கொடுத்ததில் அதற்குப் பங்குண்டு. 2021 செப்டம்பர் 9 அன்று இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தார்கள். 2022 ஜூலையில் மறைமலை நகரில் கடைசி வண்டி வெளியே வந்தது. சுமார் 2,600 தொழிலாளர்கள். இழப்பீடு போதாது என்று வேலைநிறுத்தம் செய்து, பேசி, தொகையோடு வீட்டுக்குப் போனார்கள். 2025 அக்டோபர் கடைசியில் நிறுவனம் தமிழ்நாடு அரசோடு ஒப்பந்தம் போட்டிருக்கிறது: 3,250 கோடி ரூபாய் முதலீடு, வருஷத்துக்கு 2,35,000 என்ஜின், உற்பத்தி 2029-ல். நேரடி வேலை 600-க்குச் சற்று மேல். இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2021-ல் நாற்பது வயதாக இருந்தவருக்கு 2029-ல் நாற்பத்தெட்டு. அவரை யார் கூப்பிடுவார்கள்?

அந்த 2,600 பேரிடமும் வித்தை இல்லாமலா இருந்தது? பெயிண்ட் ஷாப்பில் வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்து, மேடு பள்ளத்தை விரல் நுனியில் கண்டுபிடிக்கிறவர் இருந்திருப்பார். கதவு மூடும் சத்தத்தை வைத்தே எந்த போல்ட் தளர்ந்திருக்கிறது என்று சொல்கிறவர் இருந்திருப்பார். ஆனால் அந்த வித்தை வாழ்ந்தது கம்பெனியின் அசெம்பிளி லைனில். லைன் நின்றதும் அதற்கு முகவரி இல்லை. சிலர் ஓரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேறு கம்பெனிகளில் போய்ச் சேர்ந்தார்கள், பெரும்பாலும் புது ஆளாக. அனுபவத்தைப் பையில் போட்டுக் கொண்டுபோக முடியவில்லை. இருளர் சங்கம் மாதிரி, அவர்கள் எல்லோருக்கும் சொந்தமாக, அவர்கள் வித்தையை மொத்தமாக வேறொருவருக்கு விற்கக்கூடிய ஓர் அமைப்பு இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ரொம்பக் கற்பனைதான். ஆனால் 1975-ல் இருளர்களுக்கு அப்படி ஒரு சங்கம் வரும் என்று யாராவது சொல்லியிருந்தாலும் அதையும் கற்பனை என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

சிறுசேரியில் கதை வேறு மொழியில் நடக்கிறது. 2025 ஜூலையில் டிசிஎஸ் உலகம் முழுவதும் தன் ஊழியர்களில் 2 சதவீதம் பேரை, அதாவது 12,000 பேருக்கு மேல், குறைக்கப்போவதாகச் சொன்னது. ஏஐ காரணம் இல்லை, திறன் பொருந்தாததுதான் காரணம் என்றார் தலைமைச் செயல் அதிகாரி. பாதிப்பு அதிகம் நடுத்தர, மூத்த நிலைகளில். இருபது வருஷம் அங்கே சொல்லிக்கொடுத்ததைச் செய்தவருக்கு, கற்க வேண்டியதைக் கற்காதது உன் தப்பு என்று சொல்வது எனக்கு உறுத்துகிறது. எந்தத் திறன் நாளைக்கு விலை போகும் என்று கம்பெனிக்கே முந்தாநாள் வரை தெரியவில்லை. ஊழியர் மட்டும் ஜோசியம் பார்த்து வைத்திருக்க வேண்டுமா? தமிழ்நாட்டில் 2022 முதல் 'நான் முதல்வன்' திட்டம் கல்லூரிப் பிள்ளைகளுக்குப் பயிற்சி தருகிறது, நல்ல காரியம். என் அக்கா மகளும் அதில் ஒரு கோர்ஸ் செய்கிறாள். நாற்பத்தைந்து வயதுக்காரருக்கு என்ன இருக்கிறது என்று தேடினால் யூடியூபில் தன்னம்பிக்கைப் பேச்சுதான் அகப்படுகிறது.

மாமல்லபுரத்தையும் ஓர் எட்டுப் பார்த்துவிடலாம். சிற்பக் கூடங்களில் கிரைண்டர் சத்தத்தைக் கேட்டு, ஐயோ கைவேலை போச்சே என்று உருகுகிறவர்கள் உண்டு. எனக்கு அவ்வளவு உருக்கம் வருவதில்லை. கருங்கல்லை முதலில் பிளந்து உருட்டு வடிவம் கொண்டுவரும் மாடு வேலையை இயந்திரம் செய்தால் நல்லதே. கல்தூசி நுரையீரலுக்குள் போவதுதான் கவலை. உளியைவிடக் கிரைண்டர் அதிகத் தூசி கிளப்பும், முகமூடி போட்டவரை அபூர்வமாகத்தான் பார்க்கிறேன். 1957-ல் தொடங்கிய அரசு சிற்பக் கல்லூரியில் படித்தவர்கள் இன்றும் உலகமெங்கும் கோயில் கட்டப் போகிறார்கள். அங்கே நீண்ட காலம் முதல்வராக இருந்த கணபதி ஸ்தபதிதான் குமரிமுனையில் 133 அடி வள்ளுவரை எழுப்பியவர். 2017-ல் மாமல்லபுரம் கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. சிற்பி இருக்கிறார். காணாமல் போய்க்கொண்டிருப்பவர் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கொல்லர். மழுங்கிய உளியைத் தினமும் காய்ச்சி அடித்துக் கூராக்கித் தந்தவர். கார்பைடு முனை வைத்த உளியும் மின்கருவியும் வந்த பிறகு அவருக்கு என்ன வேலை? புவிசார் குறியீடு அவருக்கு இல்லை. வாட்ஸப் பட்டியலிலும் அவர் இல்லை. ஒரு தொழில் பிழைத்தது என்று நாம் சொல்லும்போது அதைச் சுற்றியிருந்த எத்தனை தொழில் உதிர்ந்தது என்று எண்ணுவதே இல்லை.

கோவளத்தில் மீனவர் வீட்டுப் பிள்ளைகள் அலைச்சறுக்கு வாத்தியார்கள் ஆனது தெரிந்த கதை. அலை எங்கே உடையும், எந்தப் பக்கம் இழுக்கும் என்பது கட்டுமரக்காரர் வீட்டில் பிறந்தவனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டியே மாமல்லபுரத்தில் நடந்தது. அங்கேயும் வித்தை பழசு, வாங்குகிற ஆள்தான் புதுசு.

இருளர் சங்கத்தை நான் கோயிலாக்கிவிட்டேன் என்று யாராவது பின்னூட்டம் போடுவதற்குள் சொல்லிவிடுகிறேன். சங்கத்துக்கு ஒவ்வொரு வருஷமும் வனத்துறை அனுமதி வேண்டும். எந்தப் பாம்பு, எத்தனை, எந்த மாதம் எல்லாம் அவர்கள் கணக்கு. அனுமதி தாமதமானால் அந்த வருமானம் போனதுதான். சுருட்டை விரியனில் ஒரு தடவைக்குச் சில மில்லிகிராம் பொடிதான் தேறும். ஒரு கிராம் சேர்க்க நூற்றுக்கும் மேற்பட்ட தடவை விஷம் எடுக்க வேண்டும். விஷம் வாங்குகிற கம்பெனிகளோ விரல்விட்டு எண்ணக்கூடியவை. சங்கத்துக்கு வெளியே இருக்கும் இருளர்கள்தான் பெரும்பான்மை. அவர்களின் நிலை தெரிய வேண்டுமானால் 2019 ஜூலைச் செய்தியைத் தேடிப் பாருங்கள்: காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் இடங்களிலிருந்து கொத்தடிமைகளாக இருந்த 42 பேரை மீட்டார்கள், குழந்தைகளும் சேர்த்து. பாம்பின் தடம் படிக்கத் தெரிந்த ஒரு சமூகம் சில ஆயிரம் ரூபாய் முன்பணத்துக்குக் கட்டுண்டு கிடந்தது. அறிவு இருந்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்கிறவர்கள் இந்தச் செய்திக்கு என்ன சொல்வார்கள்?

டீக்கடைப் பெரியவரிடம் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டேன். பெரியவன் வேர்ல்டு சிட்டியில் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் ஹவுஸ்கீப்பிங். சின்னவன் பன்னிரண்டாவது.

"பாம்பு பிடிக்கக் கத்துக்கொடுத்தீங்களா?"

"பெரியவனுக்குத் தெரியும். சின்னவனை நான்தான் வேணாம்னுட்டேன். படிக்கட்டும் சார். எங்க காலத்துல படிக்க விட்டாங்களா?"

யார் இதைக் குறை சொல்ல முடியும்? நான் என் மகனைக் கடப்பாரையோடு வரப்புக்கு அனுப்புவேனா? ஆனால் படித்தவன் கையில் கிடைப்பது ஆய்வகக் கோட்டு அல்ல, பெரும்பாலும் இன்னொரு கான்ட்ராக்ட் அடையாள அட்டைதான். வயலெல்லாம் மனைப்பிரிவாகி, வில்லா வாசலில் கண்ணாடி விரியன் சுருண்டு கிடக்கிற காலம் இது. தீயணைப்புத் துறைக்குத்தான் போன் போகிறது. கேரளத்தில் வனத்துறை 'சர்ப்பா' என்று ஒரு செயலி வைத்து, பயிற்சி பெற்று உரிமம் வாங்கிய பாம்பு மீட்பாளர்களை அழைப்பு வந்த வீட்டுக்கு அனுப்புகிறது. நம் மாவட்டத்தில் அந்த வேலைக்கு இருளர் சங்கத்தைவிடத் தகுதியானவர்கள் யார்? செயலி தொழில்நுட்பம்தான், வேலையைப் பறிக்காமல் கொடுக்கிற தொழில்நுட்பம். வேண்டியது ஓர் அரசாணையும் மாதச் சம்பளமும்.

இன்னொன்றும் இருக்கிறது. கணினியில் வரைந்த மருந்தானாலும் கடைசியில் அதை நிஜ விஷத்தில் சோதித்துத்தான் ஆக வேண்டும். செங்கல்பட்டுப் பாம்பு, ராஜஸ்தான் பாம்பு, அஸ்ஸாம் பாம்பு என்று ஒவ்வொரு வட்டாரத்துக்கும் தரமான மாதிரி வேண்டும். அளவு குறையும், மதிப்பு கூடும். எந்த வயலில், எந்தப் பருவத்தில், எத்தனை வயதுப் பாம்பிலிருந்து எடுத்தது என்ற விவரத்தோடு விற்றால் அது சரக்கு அல்ல, தரவு. அந்த விவரத்தைச் சொல்லக்கூடியவர் டீக்கடையில் என் எதிரே உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருந்தார். நாளைய மருந்துக்குக் காப்புரிமை வாங்கப்போகிறவர்கள் அவருக்கு ஒரு பங்கு தருவார்களா?

இந்தியாவில் இதற்குச் சட்டமே உண்டு. கேரளத்தின் காணி பழங்குடியினர் சொன்ன ஒரு மூலிகையிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்து செய்து, தொண்ணூறுகளிலேயே அதன் வருமானத்தில் பங்கு கொடுத்தார்கள். 2002-ல் உயிரியல் பன்மைச் சட்டம் வந்தது. பழங்குடி அறிவையும் உயிர் வளத்தையும் வணிகத்துக்குப் பயன்படுத்தினால் பலனைப் பகிர வேண்டும் என்கிறது அது. அதை நடைமுறைப்படுத்தும் தேசிய உயிரியல் பன்மை ஆணையத்தின் தலைமையகம் டெல்லியில் இல்லை, சென்னை தரமணியில் இருக்கிறது. வடநெம்மேலியிலிருந்து போக்குவரத்து நெரிசல் இல்லாவிட்டால் ஒரு மணி நேரம்கூட ஆகாது. சங்கத்தின் சார்பில் யாராவது ஒரு மனுவோடு போக வேண்டும், புது மருந்து சந்தைக்கு வருவதற்கு முன்பே.